அலுவலகக் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

2024 ஜூலை 31 அன்று நாடு முழுக்க சுமார் 300 சிறிய வங்கிகளில் யுபிஐ, ஐஎம்பிஎஸ் எல்லாம் நின்றுபோயின. பெரும்பாலும் கூட்டுறவு வங்கிகள், கிராம வங்கிகள். அவற்றுக்கு சாஃப்ட்வேர் சேவை தந்த சி-எட்ஜ் நிறுவனத்தில், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் புகுந்திருந்தது. மற்ற இடங்களுக்குப் பரவாமலிருக்க, யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ அதன் இணைப்பைத் துண்டிக்க, அதை நம்பியிருந்த வங்கிகள் அத்தனையும் சேர்ந்து முடங்கின. சி-எட்ஜோடு இணைந்து வேலை செய்த இன்னொரு நிறுவனத்தின் சர்வரில் ஜென்கின்ஸ் என்ற சாஃப்ட்வேரின் ஓட்டை வழியாக நுழைந்தார்கள் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் சொன்னார்கள். அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் ஜனவரியிலேயே வந்துவிட்டது.

பெருமுக்கலில் இருக்கும் சின்ன ஆபீஸை யார் தேடி வரப்போகிறார்கள் என்று இருந்துவிடாதீர்கள். யாரும் தேட வேண்டியதில்லை. எந்த மெஷினில் ஓட்டை இருக்கிறது என்று இணையம் முழுக்கத் துழாவும் புரோகிராம்கள் ராத்திரி பகலாக ஓடுகின்றன. அவற்றுக்கு மும்பையும் மரக்காணமும் ஒன்றுதான். கூட்டுறவு சங்கம், உப்பு லோடு அனுப்பும் ஆபீஸ், கிளினிக், பள்ளிக்கூடம், இ-சேவை மையம் என எதை நீங்கள் நடத்தினாலும், கீழே உள்ளவற்றை இன்றைக்கே தொடங்குங்கள்.

செய்ய வேண்டியவை

• நிலுவையில் இருக்கும் அப்டேட்டை இன்று மாலைக்குள் போடுங்கள். வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் 2017 மே 12 அன்று உலகத்தையே உலுக்கியது; மைக்ரோசாஃப்ட் அதற்கான பேட்சை மார்ச் 14 அன்றே கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள், ஆந்திர போலீஸ் கம்ப்யூட்டர்கள் உட்பட.

• விண்டோஸ் 10 ஓடும் மெஷின்களை எண்ணுங்கள். 2025 அக்டோபர் 14 அன்று அதன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. உப்பளம் ஓடாத மழை மாதங்களில் மாற்றிக்கொள்ளலாம் என்றால், அதுவரை அந்த மெஷினை நெட்டிலிருந்து கழற்றி வையுங்கள்.

• பேக்கப் எடுத்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றுங்கள். செருகியே இருந்தால் ரேன்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

• இன்னொரு பேக்கப்பை வேறு ஊரில் வையுங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. மெஷின் இருக்கும் அறையிலேயே பேக்கப்பும் இருந்தால் இரண்டும் ஒன்றாக நனையும்.

• மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப் இருந்தும் பயனில்லை.

• மெயிலுக்கும் பேங்க் லாகினுக்கும் இரண்டாவது சரிபார்ப்பைப் போடுங்கள். பாஸ்வேர்டு திருடு போனாலும் கதவு திறக்காது.

• பணம் அனுப்பும் மெஷினைத் தனியாகப் பிரித்து வையுங்கள். 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் நெட்டோடு இணைந்திருந்த அலுவலகக் கம்ப்யூட்டர் ஒன்றில் மால்வேர் புகுந்தது. உலையின் முக்கிய நெட்வொர்க் தனியாக இருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்று நிலையத்தை நடத்தும் என்பிசிஐஎல் அறிவித்தது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸில் 5 சர்வர்கள் பூட்டப்பட்டு, நோயாளிச் சீட்டுகளைக் கையால் எழுதும் நிலை வந்தது. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரிக்காததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது.

• திடீரென்று வேலை செய்யாமல் போன மெஷினைச் சந்தேகப்படுங்கள். கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் பேங்கில் 2018 பிப்ரவரியில் நடந்ததை ஒவ்வொரு கணக்கரும் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்போடு இணைந்த பிரின்டர் வேலை செய்யவில்லை. சிஸ்டம் கோளாறு என்று நினைத்தார்கள். மறுநாள் காலை கணக்கைச் சரிபார்த்தபோதுதான், தாங்கள் அனுப்பாத மூன்று பணப்பரிமாற்றங்கள் துபாய், துருக்கி, சீனா நோக்கிப் போயிருப்பது தெரிந்தது. மொத்தம் கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர். துபாய்க்குப் போன 5 லட்சம் டாலரை உடனே தடுத்துவிட்டார்கள். கணக்கைத் தினமும் காலையில் பார்க்கும் பழக்கம்தான் திருட்டைக் காட்டிக்கொடுத்தது. அந்தப் பழக்கம் உங்கள் ஆபீஸில் இல்லையென்றால் நாளைக் காலையில் தொடங்கிவிடுங்கள்.

• அக்கவுன்ட் நம்பர் மாறிவிட்டது என்று மெயில் வந்தால், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். மெயிலிலேயே தந்திருக்கும் நம்பரில் திருடன்தான் பேசுவான்.

• யார் யாரிடம் உங்கள் லாகின் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். சாஃப்ட்வேர் கொடுத்தவர், சர்வீஸ் பையன், ஆடிட்டர் ஆபீஸ், வேலையை விட்டுப் போனவர். தேவையில்லாததை இன்றே மூடுங்கள். சி-எட்ஜ் விஷயத்தில் இணைந்து வேலை செய்த நிறுவனத்தின் வழியாகத்தான் ஆபத்து வந்தது.

• பணம் போன அந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். திருடன் எடுப்பதற்குள் பணத்தை நிறுத்த வழியுண்டு, தாமதித்தால் இல்லை. சிஸ்டத்துக்குள் யாராவது புகுந்திருந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குச் சொல்ல வேண்டும் என்பது 2022-ல் வந்த உத்தரவு.

செய்யக்கூடாதவை

• கிராக் செய்த சாஃப்ட்வேரைப் போடாதீர்கள். இலவசமாகக் கொடுப்பவன் உள்ளே என்ன வைத்திருக்கிறான் என்பது உங்களுக்குத் தெரியாது, அப்டேட்டும் வராது.

• தூரத்திலிருந்து மெஷினை இயக்க உதவும் எனிடெஸ்க்கைத் திறந்தே விட்டு வைக்காதீர்கள். சர்வீஸ் முடிந்ததும் மூடுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

• ஆபீஸ் முழுக்க ஒரே பாஸ்வேர்டில் வேலை செய்யாதீர்கள். தப்பு நடந்தால் யார் லாகினில் நடந்தது என்றே கண்டுபிடிக்க முடியாது.

• ரவுட்டரோடு வந்த பாஸ்வேர்டை அப்படியே விடாதீர்கள். பல மாடல்களுக்கு அது ஒன்றேதான், இணையத்தில் தேடினாலே கிடைக்கும்.

• வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலைத் தொடாதீர்கள். லாரிக்கு அபராதம் என்ற பெயரில் வரும். போட்டால் உங்கள் ஓடிபி எல்லாம் திருடன் கைக்குப் போகும்.

• பூட்டப்பட்ட மெஷினை ஃபார்மட் செய்யாதீர்கள். நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், அத்தோடு விடுங்கள். போலீஸுக்குத் தடயம் வேண்டும். சில வகை ரேன்சம்வேருக்கு நோ மோர் ரேன்சம் தளத்தில் இலவசச் சாவியும் கிடைக்கிறது.

• கேட்ட பணத்தைக் கொடுக்காதீர்கள். கொடுத்தாலும் ஃபைல் திரும்பி வரும் என்று உத்தரவாதமில்லை. கொடுப்பவர் என்று தெரிந்தால் மறுபடியும் வருவார்கள்.

• தவறான லிங்க்கைத் தட்டிய ஊழியரை எல்லார் முன்னாலும் திட்டாதீர்கள். இந்தப் பட்டியலில் நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான். திட்டு வாங்கிய பெண் அடுத்த முறை சொல்லமாட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வாயை மூடிக்கொள்வார்கள். பத்து நிமிஷத்தில் தெரிந்திருந்தால் ஒரு மெஷினோடு போயிருக்கும். மறுநாள் தெரிந்தால் ஆபீஸே போய்விடும். “உடனே சொன்னதுக்கு நன்றிம்மா” என்று சொல்லுங்கள், பிறகு கேபிளைப் பிடுங்குங்கள்.

• தொடர் விடுமுறைக்கு ஆபீஸை அப்படியே பூட்டிவிட்டுப் போகாதீர்கள். 2016 பிப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் 8.1 கோடி டாலரைத் திருடியவர்கள் நாள் பார்த்துத்தான் இறங்கினார்கள்: டாக்காவில் வெள்ளி, சனி விடுமுறை, நியூயார்க்கில் ஞாயிறு, பணம் போய்ச் சேர்ந்த மணிலாவில் திங்கள் சீனப் புத்தாண்டு. அங்கேயும் பிரின்டர் ஓடவில்லை. பொங்கலுக்கு மூடும்போது தேவையில்லாத மெஷின்களை அணையுங்கள். பேங்க் மெசேஜ் வரும் போனை யார் பார்ப்பது என்று பெயர் சொல்லி ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள்.