கையை ஆளும் பின்னல்

ஓர் இளைஞர் மோட்டார் சைக்கிளில் செல்லும்போது தவறி விழுகிறார். தோள் தரையில் பலமாக மோதுகிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் ஓர் எலும்பும் முறியவில்லை. தோலில் சிராய்ப்பு மட்டுமே. ஆனாலும் அவருடைய வலக்கை நனைந்த துணிபோலத் தொங்குகிறது. மருத்துவர் கையைச் சோதிக்கிறார். பிறகு அவருடைய கண்களை உற்று நோக்குகிறார்! கைக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு? கழுத்துக்கும் அக்குளுக்கும் இடையே மறைந்திருக்கும் ஒரு பின்னலை அறிந்துகொண்டால் இதற்கு விடை கிடைக்கும்.

ஐந்து வேர்கள்

மூளையின் கட்டளைகள் முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்தின் வழியாக இறங்கி வருகின்றன. தண்டுவடத்திலிருந்து இருபுறமும் இணை இணையாக நரம்புகள் கிளம்புகின்றன. கழுத்தில் 7 முள்ளெலும்புகளே உள்ளன. ஆனால் கழுத்து நரம்புகள் 8 இணைகள். முதல் இணை மண்டையோட்டுக்கும் முதல் முள்ளெலும்புக்கும் இடையே வெளிவருவதே இதற்குக் காரணம்.

இவற்றுள் 5, 6, 7, 8ஆம் கழுத்து நரம்புகளும், மார்புப் பகுதியின் முதல் நரம்பும் கைக்கு உரியவை. இந்த ஐந்து வேர்களும் சேர்ந்து அமைப்பதே புய நரம்புப் பின்னல்.

ஐந்தும் நேராகக் கைக்குச் செல்வதில்லை. 5ஆம் 6ஆம் வேர்கள் இணைந்து மேல் தண்டு ஆகின்றன. 7ஆம் வேர் தனியே நடுத் தண்டு. 8ஆம் வேரும் மார்பு வேரும் கூடிக் கீழ்த் தண்டு. ஒவ்வொரு தண்டும் காறை எலும்பின் பின்னால் முன்கிளை, பின்கிளை என இரண்டாகப் பிரிகிறது. பின்கிளைகள் மூன்றும் ஒன்றுகூடிப் பின் வடம் ஆகின்றன. முன்கிளைகளில் மேலிரண்டும் சேர்ந்து வெளி வடம். கீழ்க்கிளை மட்டும் உள் வடம். இந்த மூன்று வடங்களிலிருந்து ஐந்து பெரிய நரம்புகள் புறப்படுகின்றன. 5, 3, 6, 3, 5 என்று நினைவில் வையுங்கள். பின்னலின் வரைபடம் உங்கள் கையில்!

ஏன் இத்தனை சுற்று? ஒரு பெரிய இரயில் சந்திப்பை எண்ணிப் பாருங்கள். பல ஊர்களிலிருந்து வந்த பெட்டிகளைக் கழற்றி, போகும் ஊருக்கேற்ப அங்கே கோர்ப்பார்கள் அல்லவா? அதுபோலவே, கையை மடக்கும் தசைகளுக்கான இழைகள் முன்கிளைகள் வழியாகவும், நீட்டும் தசைகளுக்கான இழைகள் பின்கிளைகள் வழியாகவும் பிரித்து அனுப்பப்படுகின்றன. இதனால் ஒரே தசைக்குப் பல வேர்களிலிருந்து இழைகள் வருகின்றன. ஒரு வேர் மட்டும் கெட்டால் தசை வலுவிழக்கும். பெரும்பாலும் முற்றிலும் செயலிழப்பதில்லை.

செய்து பாருங்கள்

1. கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்குங்கள். இதில் பெரும்பங்கு அக்குள் நரம்புக்கு உரியது.

2. உள்ளங்கை மேல்நோக்கி இருக்க, முழங்கையை மடக்குங்கள். இது தசைத்தோல் நரம்பின் வேலை.

3. மணிக்கட்டைப் பின்புறமாக நிமிர்த்துங்கள். இது ஆரை நரம்பு.

4. கட்டைவிரல் நுனியால் சுண்டுவிரல் நுனியைத் தொடுங்கள். இது நடு நரம்பு.

5. விரல்களை விசிறிபோல விரியுங்கள். இது அல்னா நரம்பு. முழங்கையின் உட்புறம் மேசை முனையில் இடிபட்டால் சுண்டுவிரல் வரை ‘சுரீர்’ என்கிறதே, அதுவும் இந்த நரம்புதான்.

ஒரு துப்பறியும் வேலை

நாற்காலிச் சாய்வின்மேல் கையைப் போட்டு நெடுநேரம் தூங்கிய ஒருவருக்கு மணிக்கட்டு மட்டும் நிமிரவில்லை. மற்ற நான்கும் செய்ய முடிகிறது. அப்படியானால் அழுத்தப்பட்டது ஆரை நரம்பு, பின்னலில் பழுதில்லை.

நம் இளைஞருக்கோ கையைத் தூக்கவும் முடியவில்லை, முழங்கையை மடக்கவும் முடியவில்லை. அக்குள் நரம்பு பின் வடத்திலிருந்து வருவது. தசைத்தோல் நரம்பு வெளி வடத்திலிருந்து வருவது. இரண்டும் ஒருசேரக் கெட்டது எப்படி? இரண்டுக்கும் பொதுவான இடம் மேலே, 5ஆம் 6ஆம் வேர்கள் கூடும் மேல் தண்டில் உள்ளது. விழும்போது தலை ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் இழுபட, இந்த வேர்களே முதலில் விண்ணென்று இழுக்கப்படுகின்றன.

ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் எர்ப் 1874இல் இந்த இடத்தைச் சுட்டிக்காட்டினார். காறை எலும்புக்குச் சற்று மேலே ஒரு புள்ளியில் மின்சாரம் செலுத்தியதும், இதே தசைகள் ஒருங்கே சுருங்கின! பிரசவத்தில் தோள் சிக்கிக்கொள்ளும் குழந்தைகளுக்கும் இங்கு பழுது நேர்வதுண்டு. அப்போது கை உட்புறம் திரும்பி, பின்னால் நிற்பவரிடம் இரகசியமாகக் காசு வாங்குவதுபோலத் தொங்கும். அவர்களில் பலருக்குச் சில மாதங்களில் தானே குணமாகிறது.

இனி, கண்ணின் மர்மம். மரத்திலிருந்து விழும்போது கிளையைப் பற்றித் தொங்கினால் கை மேல்நோக்கி இழுபடும். அப்போது கீழ் வேர்கள் கெட்டு, விரல்கள் வலுவிழக்கும். மார்பின் முதல் வேரையொட்டியே கண்ணுக்குச் செல்லும் சில இழைகளும் புறப்படுகின்றன. அந்த வேர் தண்டுவடத்தருகே பிய்ந்துவிட்டால் அதே பக்கத்துக் கண்பாவை சுருங்கும். இமை சற்றே தாழும். அமெரிக்காவில் பிறந்து பாரிசில் மருத்துவம் பயின்ற ஒகுஸ்தா க்ளும்ப்கே என்ற பெண்மணி 1885இல் இதை விளக்கினார். மருத்துவர் இளைஞரின் கண்ணை நோக்கியது இதற்காகத்தான்.

காலத்தோடு ஓட்டப்பந்தயம்

வெறுமனே இழுபட்ட நரம்பு தானே தேறக்கூடும். அறுந்ததை, காலிலிருந்து எடுத்த வேறொரு நரம்புத் துண்டை இடையில் வைத்து ஒட்டலாம். ஆனால் நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். கழுத்திலிருந்து உள்ளங்கை 60 சென்டிமீட்டர் தொலைவு என்று கொண்டால், போய்ச் சேர எத்தனை நாள்? 600! நரம்பின்றி ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கிடந்த தசையோ மெலிந்து, கட்டளையை ஏற்கும் திறனை இழந்துவிடுகிறது.

தண்டுவடத்திலிருந்தே வேர் பிய்ந்துவிட்டால் ஒட்டவும் வழியில்லை. இதற்கு பிரான்சு நாட்டின் கிறிஸ்தோஃப் ஒபெர்லின் 1994இல் ஓர் உபாயத்தை வெளியிட்டார். மேல்கையில் நலமாக ஓடும் அல்னா நரம்பின் ஒரு சிறு இழைக்கற்றையைப் பிரித்து, முழங்கையை மடக்கும் தசையின் நரம்போடு இணைத்தார். தசை அருகிலேயே இருப்பதால் சில மாதங்களில் இழைகள் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. தொடக்கத்தில், விரல்களை மடக்க எண்ணினால் முழங்கை மடங்கும். பயிற்சிக்குப் பின் மூளை புதிய பாதையைப் பழகிக்கொள்கிறது.

ஆகவே, விபத்துக்குப் பின் எவருக்கேனும் கை தூக்க வராவிட்டால், ‘எலும்பு முறியவில்லை, போகப் போகச் சரியாகும்’ என்று காத்திருக்க விடாதீர்கள். நரம்பு அறுந்திருந்தால் பொதுவாக ஆறு மாதங்களுக்குள் அறுவை செய்வதே நல்லது. உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரு மில்லிமீட்டர் அல்லவா!