தென்னை ஏறும் கருவி: தெரிந்து ஏறுவோம், பத்திரமாக இறங்குவோம்



"தேங்காய் வெட்ட ஆள் கிடைக்கல." தென்னை இருக்கிற எந்த ஊருக்குப் போனாலும் இந்தப் பேச்சைக் கேட்கிறோம். 45 நாளைக்கு ஒருமுறை வெட்ட வேண்டிய காய் மரத்திலேயே முற்றி, நெற்றாகி, தானாக விழுகிறது. விழுகிற காய் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. அப்பா, தாத்தா காலத்தில் தளை மாட்டி மரம் ஏறியவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்களுடைய பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

இந்த வேலையை நாமே செய்தால் என்ன? கருவி வந்த பிறகு பல பெண்கள் பயிற்சி எடுத்து மரம் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இது தையல், ஊறுகாய் மாதிரியான தொழில் அல்ல. இதில் சின்னத் தவறு நடந்தாலும் உயிர் போகும், முதுகெலும்பு முறியும். அதனால்தான் கருவியைப் பற்றியும், வேலையில் வரும் சிக்கல்களைப் பற்றியும் இந்த மாதப் பாடத்தில் விரிவாகப் பார்க்கிறோம். வாசிக்கத் தெரிந்தவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள்.

கருவி எத்தனை வகை?

பெரும்பாலும் இரண்டு வகை புழக்கத்தில் இருக்கிறது.

1. நின்று ஏறும் கருவி. இதை செம்பேரி மாடல் என்பார்கள். கேரளாவில் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் என்ற விவசாயி உருவாக்கியது. வலது காலுக்கு ஒன்று, இடது காலுக்கு ஒன்று என இரண்டு இரும்புச் சட்டம். ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றி மாட்ட ஒரு கம்பிக் கயிறு, மரத்தில் பதிய ரப்பர் கட்டை, கால் வைக்க மிதி, பிடித்துத் தூக்க கைப்பிடி இருக்கும். வேகமாக ஏறலாம்.

2. உட்கார்ந்து ஏறும் கருவி. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய மாடல் இந்த வகை. மேல் சட்டத்தில் உட்கார இடம் இருக்கும். கீழ்ச் சட்டத்தைக் காலால் தூக்க வேண்டும். ஏற நேரம் கொஞ்சம் அதிகமாகும். ஆனால் உயரத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு உட்கார இடம் இருப்பது ஒரு தைரியம்.

இரண்டுக்கும் தத்துவம் ஒன்றுதான். நம் உடம்பின் எடை மிதியில் இறங்கும்போது கம்பிக் கயிறு மரத்தை இறுக்கிப் பிடிக்கிறது. எடையை எடுத்துவிட்டுக் கைப்பிடியைத் தூக்கினால் பிடி தளர்ந்து கருவி மேலே நகர்கிறது. நின்று ஏறும் கருவியில் வலது காலும் வலது கையும் சேர்ந்து ஒரு தூக்கு. எடையை அதில் மாற்றிவிட்டு, இடது காலும் இடது கையும் சேர்ந்து ஒரு தூக்கு. இப்படியே மேலே போகலாம். இறங்கும்போதும் இதே முறைதான், சின்னச் சின்ன எட்டாக வைக்க வேண்டும்.

கருவி மட்டும் போதாது

செம்பேரி மாடலில் ஏறியவர்கள் கை நழுவிப் பின்பக்கமாகச் சாய்ந்து, கால் மட்டும் மிதியில் மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கிய விபத்துகள் நடந்திருக்கின்றன. இதைத் தடுக்கத்தான் காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் இந்தக் கருவிக்கு என்று தனியாகப் பாதுகாப்பு இணைப்பு ஒன்றை உருவாக்கியது. அதனால் கருவி வாங்கும்போது, "பாதுகாப்பு பெல்ட்டும் கயிறும் சேர்த்துத் தருகிறீர்களா?" என்று கேட்டு வாங்க வேண்டும்.

ஒருவருக்குத் தேவையான சாமான்கள்:

- கருவி ஒரு ஜோடி
- தோள், இடுப்பு, தொடை மூன்றையும் பிடிக்கும் பாதுகாப்பு பெல்ட். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் விழும்போது நழுவும், வயிற்றையும் நசுக்கும்.
- மரத்தைச் சுற்றிப் போட நீளத்தைக் கூட்டிக் குறைக்கக் கூடிய கயிறு
- தாடைப் பட்டை உள்ள ஹெல்மெட், கையுறை, பிடிப்புள்ள ஷூ
- உறையோடு கூடிய அரிவாள்
- குலையைக் கட்டி இறக்க ஒரு நீளமான கயிறு

அடுத்தது உடுப்பு. புடவையோடு ஏறக் கூடாது. முந்தானை மிதியில் மாட்டும், கொசுவம் காலைத் தடுக்கும். சுடிதார் துப்பட்டாவும் கழுத்துக்கு ஆபத்து. பேண்ட், முழுக்கைச் சட்டைதான் சரி. "ஊர்ல சிரிப்பாங்களே" என்று கூச்சப்பட வேண்டாம். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சீருடையாகத் தைத்துவிட்டால், பார்க்கிறவர்களுக்கு அது வேலைக்காரியின் மரியாதையாகத் தெரியும்.

ஏறுவதற்கு முன் ஐந்து நிமிடம்

கருவியைப் பாருங்கள். கம்பிக் கயிற்றில் ஒரு இழை அறுந்திருந்தாலும் அன்று அந்தக் கருவி வேண்டாம். ரப்பர் கட்டை தேய்ந்திருக்கிறதா? வெல்டிங்கில் கீறல் இருக்கிறதா? நட்டு, போல்ட்டு எல்லாம் இறுக்கமா? கையால் தொட்டுப் பாருங்கள்.

மரத்தைப் பாருங்கள். தண்டில் ஓட்டை, அதில் மென்று துப்பிய நார், செம்மண் நிறத்தில் வடியும் சாறு இருந்தால் உள்ளே அரித்திருக்கலாம். தட்டிப் பார்த்தால் 'டொம் டொம்' என்று பொள்ளலாகக் கேட்கும். இடி விழுந்த மரம், கொண்டை சாய்ந்த மரம், வேர் தெரிய நிற்கும் மரம், இவற்றில் ஏறக் கூடாது. கூலி போனால் போகட்டும்.

அண்ணாந்து பாருங்கள். கதண்டுக் கூடு இருக்கிறதா? முசுறு எறும்பு ஏறி இறங்குகிறதா? முக்கியமாக, மின்கம்பி பக்கத்தில் இருக்கிறதா? மட்டை கம்பியில் உரசும் மரத்திலும், வெட்டினால் கம்பியில் விழும் மரத்திலும் ஏறவே கூடாது. பச்சை மட்டை வழியாகவும் மின்சாரம் பாயும். இரும்புத் தொரட்டியும் அங்கே எமன்தான். மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, அவர்கள் மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் வேலை.

மழை பெய்த மரமும், பாசி பிடித்த மரமும் வழுக்கும். காய்ந்த பிறகு ஏறலாம். காற்று பலமாக இருந்தாலும் இறங்கிவிட வேண்டும்.

வேலையில் வரும் சிக்கல்கள்: உறுப்பினர்கள் கேட்டவை

"ஏற ஏற மிதி கீழ்நோக்கிச் சாயுது, கால் வழுக்குது. ஏன்?"

மரம் அடியில் பருமன், மேலே ஒல்லி. அடியில் மாட்டிய கம்பிக் கயிற்றின் சுற்று மேலே போகப் போகத் தளர்ந்து பெரிதாகிறது. அதனால் மிதி சாய்கிறது. அடியில் மாட்டும்போதே மிதியின் வெளிமுனை சற்று மேல்நோக்கி இருக்கும்படி மாட்டினால், உயரத்தில் அது சமமாகும். அதற்கு மேலும் சாய்ந்தால், பெல்ட் கயிற்றை மரத்தைச் சுற்றி இறுக்கிவிட்டு, ஒரு காலில் நின்றுகொண்டு மற்றக் காலின் கயிற்றைக் குறைக்க வேண்டும். இதைத் தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில் பத்துத் தடவை பழகிய பிறகுதான் உயரத்தில் செய்யலாம்.

"சாய்ந்த மரத்துல எந்தப் பக்கமா ஏறணும்?"

மரத்தின் முதுகுப் பக்கமாக, அதாவது மேல்பக்கமாக. வயிற்றுப் பக்கமாக ஏறினால் உடம்பு பின்னால் இழுக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் சாய்ந்த மரத்தை விட்டுவிடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர் பகுதிகளில் அதன் பிறகு வைத்த கன்றுகள் பல காய்க்கத் தொடங்கிவிட்டன. இப்படிக் குட்டையான, நேரான மரங்கள்தான் பழகுவதற்கு நல்லது.

"உச்சிக்குப் போனதும் எதைப் பிடிக்கிறது?"

காய்ந்த மட்டையையும் பழுத்த மட்டையையும் பிடிக்கவே கூடாது. அது கையோடு வந்துவிடும். பன்னாடையும் அப்படித்தான். முதலில் பெல்ட் கயிற்றை மரத்தைச் சுற்றி மாட்டி இழுத்துப் பாருங்கள். பிறகுதான் அரிவாளை உறையிலிருந்து எடுக்க வேண்டும். தலைக்கு நேர் மேலே உள்ளதை வெட்டாமல், பக்கவாட்டில் உள்ளதை வெட்டுங்கள். அரிவாள் நம் பெல்ட் கயிற்றில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கை விடுவதற்கு முன் மட்டை இடுக்கை ஒரு குச்சியால் தட்டுங்கள். தேள், பாம்பு, எலி எதுவும் இருக்கலாம்.

"கீழே நிக்கிறவங்க எவ்வளவு தள்ளி நிக்கணும்?"

ஒரு மட்டையே 15 அடிக்குக் குறையாது. 25 அடி தள்ளி நிற்க வேண்டும். பிள்ளைகள், ஆடு மாடு யாரும் வரக் கூடாது. மேலே இருப்பவர் "வருது!" என்று குரல் கொடுத்து, கீழே இருப்பவர் "சரி!" என்று சொன்ன பிறகுதான் வெட்ட வேண்டும். வீட்டு ஓட்டின் மேல் விழும் குலையைக் கயிறு கட்டி இறக்குங்கள்.

விபத்து என்றால் என்ன செய்வது?

தனியாக யாரும் ஏறக் கூடாது. இரண்டு பேர், இரண்டு கருவி. மேலே ஒருவர் தொங்கிவிட்டால், இன்னொருவர் ஏறிப் போய்த் தாங்க வேண்டும். பெல்ட்டில் அசையாமல் வெகுநேரம் தொங்கினால் காலில் ரத்தம் தேங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து. அதனால் தொங்குகிறவர் காலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உடனே தீயணைப்பு நிலையத்துக்கு 101, ஆம்புலன்சுக்கு 108 கூப்பிடுங்கள்.

கீழே விழுந்தவரைப் பதறிப் போய்த் தூக்கி உட்கார வைக்காதீர்கள். இரண்டு சக்கர வண்டியில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகவே கூடாது. முதுகெலும்பு முறிந்திருந்தால், நாம் தூக்குகிற தூக்கில் நரம்பு அறுந்து கால் நிரந்தரமாகச் செயலிழந்துவிடும். தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு, ரத்தம் வந்தால் துணியால் அழுத்தி, 108 வரும்வரை காத்திருங்கள்.

யார் ஏறக் கூடாது?

கர்ப்பிணிகள், வலிப்பு, தலைச்சுற்றல் உள்ளவர்கள், ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் ஏற வேண்டாம். அண்மையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகுதான். வெறும் வயிற்றோடும் ஏறக் கூடாது. "இன்னிக்கு உடம்பு சரியில்ல" என்று ஒருவர் சொன்னால், அவரை வற்புறுத்துவது குழுவுக்கு அழகல்ல.

மரத்துக்கும் நல்லது செய்வோம்

மரம் ஏறுகிறவர் காய் வெட்டுவதோடு நிற்க வேண்டியதில்லை. கொண்டையைச் சுத்தம் செய்து, காண்டாமிருக வண்டு இருக்கிறதா என்று பார்த்தால் தோட்டக்காரர் சந்தோஷமாகக் கூடுதல் கூலி கொடுப்பார். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்கில் போடலாம்.

பச்சை மட்டையை வீணாக வெட்டக் கூடாது. ஒவ்வொரு மட்டை இடுக்கிலும்தான் ஒரு பாளை வருகிறது. பச்சை மட்டையைக் கழித்தால் காய்ப்பு குறையும். வெட்டியே ஆக வேண்டும் என்றால் 120 செ.மீ. அடிமட்டையை விட்டு வெட்டுங்கள், சிவப்புக் கூன்வண்டு தண்டுக்குள் போகாது. கால் வைக்க மரத்தில் படி வெட்டுவதும் கூடாது. அந்தக் காயம் வண்டுக்கு வாசல் திறந்து விட்ட மாதிரி.

பயிற்சியும் காப்பீடும்

மத்திய அரசின் தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பயிற்சியைத் தொடங்கியது. 20 பேர் கொண்ட அணிக்கு 6 நாள் பயிற்சி கொடுக்கும் திட்டம் அது. பயிற்சி எப்போது, எங்கே என்பதை வாரியத்தின் சென்னை அலுவலகத்திலோ, பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்கலாம். மரம் ஏறுகிறவர்களுக்கு என்றே வாரியத்தின் 'கேர சுரக்ஷா' விபத்துக் காப்பீடும் இருக்கிறது. நாம் கட்ட வேண்டிய பங்கும் கிடைக்கும் தொகையும் அவ்வப்போது மாறுவதால், சேருகிற நாளில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காப்பீடு போடாமல் முதல் மரம் ஏறக் கூடாது. புதுப்பிக்கும் தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

கணக்கு

கூலி ஊருக்கு ஊர் வேறுபடும். கணக்கு புரிவதற்காக மரத்துக்கு ரூ.40, ஒரு நாளைக்கு 30 மரம் என்று வைத்துக்கொள்வோம். 30 x 40 = ரூ.1,200. இதில் ரூ.100 கருவி நிதிக்கு. மீதி ரூ.1,100-ஐ ஏறுகிறவரும் கீழே நிற்கிறவரும் பாதிப் பாதியாகப் பிரித்தால் ஆளுக்கு ரூ.550. அந்த ரூ.100-ஐச் செலவழித்துவிடாதீர்கள். கம்பிக் கயிறும் பெல்ட்டும் தேயும் பொருள்கள். மாற்றப் பணம் இல்லாவிட்டால், பழைய கயிற்றிலேயே "இன்னும் ஒரு நாள்" என்று ஏறத் தோன்றும். அந்த ஒரு நாள் வரக் கூடாது.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் ஊரில் எத்தனை தென்னை? 45 நாளைக்கு ஒருமுறை எத்தனை மரம் வெட்ட வேண்டியிருக்கிறது?
2. பயிற்சிக்குப் போக விருப்பமும் உடல் தெம்பும் உள்ளவர் யார் யார்? அவர்கள் வீட்டில் பேச யார் போவது?
3. கருவி யார் பொறுப்பில் இருக்கும்? உர மூட்டையோடு வைத்தால் துருப்பிடிக்கும், எங்கே வைப்பது?
4. "இந்த மரம் வேண்டாம்" என்று ஏறுகிறவர் சொன்னால், அதை யாரும் மறுத்துப் பேசக் கூடாது என்று தீர்மானம் போடுவோமா?

நான்காவது கேள்விக்கு எல்லாக் குழுவும் "ஆமாம்" என்று கையெழுத்துப் போட வேண்டும் என்பது கூட்டமைப்பின் வேண்டுகோள். பயிற்சிக்கு விருப்பம் உள்ளவர்களின் பெயர்ப் பட்டியலைக் குழு ஊக்குநர் மூலம் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் கொடுங்கள்.