கணிப்பொறியில் பதிவேடுகளுக்கு உரிய இடம்

மண் பரிசோதனை நிலையம் ஒன்றில் ஒரே கணிப்பொறியை இரு பணியாளர்கள் தத்தம் பெயரால் உள்நுழைந்து பயன்படுத்துகின்றனர் எனக் கொள்வோம். காலையில் ஒருவர் நாற்பது வயல்களின் கார அமில நிலையைப் பதிந்து வைக்கிறார். பிற்பகலில் மற்றவர் அதே மென்பொருளைத் திறக்க, ஒரு வயலும் காணப்படுவதில்லை. பதிவுகள் அழியவில்லை, எழுதத் தகாத இடத்தில் எழுத முற்பட்டமையே இதற்குக் காரணமாகும்.

விண்டோஸ் இயங்குதளத்தில் மென்பொருள்கள் பொதுவாகப் 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்னும் கோப்புறையில் நிறுவப்படுகின்றன. அங்கு எழுதும் உரிமை நிருவாகிக்கே உண்டு. முன்னாளில் வீட்டுக் கணிப்பொறியைத் தொட்டவர் யாவரும் நிருவாகியாகவே இருந்தமையால், மென்பொருள் ஆக்கியோர் பலர் பயனாளரின் பதிவுகளையும் அங்கேயே எழுதிப் பழகிவிட்டனர். 2007-இல் பொதுமக்களை அடைந்த விண்டோஸ் விஸ்டா இப்பழக்கத்தைத் தடுத்தது. ஆயினும், பழைய மென்பொருள்கள் முடங்காதிருத்தற்பொருட்டு ஓர் உபாயமும் செய்தது: அவை அங்கு எழுத முயல்வதை மறைவாகத் திருப்பி, அவ்வப் பயனாளரின் 'விர்ச்சுவல்ஸ்டோர்' என்னும் தனிக் கோப்புறையில் சேர்ப்பித்தது. மென்பொருளோ தான் கருதிய இடத்திலேயே எழுதியதாக நம்பும். நல்லெண்ணத்தில் எழுந்த ஏமாற்று எனினும், மேற்கூறிய நாற்பது வயல்களும் முதற் பணியாளரின் தனியறையில் அடைபட்டமை இதனாலேயாம்.

ஆகவே கோப்புகளை இயல்பு நோக்கிப் பிரித்தல் வேண்டும். பயனாளர் தாமே ஆக்கிய கடிதம், அட்டவணை முதலியன 'டாக்குமெண்ட்ஸ்' கோப்புறையிலோ அவர் விரும்பிய பிறிதிடத்திலோ இருத்தல் தகும். எழுத்தளவு, மொழி போன்ற விருப்ப அமைப்புகள் 'ஆப்டேட்டா' கோப்புறைக்குரியன. அதனுள் 'ரோமிங்' என்பது, அலுவலக வலையமைப்பு அதற்கென அமைக்கப்பட்டிருப்பின், பயனாளர் எக்கணிப்பொறியில் அமரினும் அவரைப் பின்தொடரும். 'லோக்கல்' அவ்வியந்திரத்திலேயே தங்கும். விரைவுக்காக வைக்கப்படும் தற்காலிகப் படிகள் பின்னதில்தான் இருத்தல் வேண்டும். பலர்க்கும் பொதுவான பதிவேட்டிற்கு 'புரோகிராம்டேட்டா' உரியது. ஆனால் ஒருவர் எழுதியதைப் பிறரும் திருத்துதற்கான உரிமையை நிறுவும்பொழுதே அளித்தல் இன்றியமையாதது. இதனை மறக்கும் மென்பொருள்கள் பல.

லினக்ஸ் உலகின் பழைய வழக்கமும் குறையற்றதன்று. புள்ளியில் தொடங்கும் பெயருடைய கோப்பு சாதாரணப் பட்டியலில் தோன்றாதாகையால், ஒவ்வொரு மென்பொருளும் பயனாளரின் இல்லக் கோப்புறையில் தன் புள்ளிக் கோப்பைக் குவித்தது. 2003-இல் எழுந்த எக்ஸ்.டி.ஜி. விதிமுறை, அமைப்புகளுக்கு '.கான்ஃபிக்', நிலையான தரவுகளுக்கு '.லோக்கல்' கோப்புறையின் 'ஷேர்', தற்காலிகப் படிகளுக்கு '.கேஷ்' என இடங்களை வகுத்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸைப் பயிற்றும் ஆசிரியர்கள் இவற்றை மாணவர்க்கு நேரிலேயே காட்டலாம்.

காப்புப்படி எடுப்போர் மறைந்த கோப்புறைகளை விட்டுவிடுதல் பெருங் கேடு. 'ஆப்டேட்டா'வும் இயல்பாகக் கண்ணுக்குப் புலப்படாததே. தற்காலிகப் படிகளை மட்டும் விட்டுவிடலாம், அவை மீண்டும் உண்டாகும். புதிய மென்பொருளை ஏற்குமுன் பொய்ப்பதிவு ஒன்றை இட்டு, சற்றுமுன் மாறிய கோப்புகளைத் தேடி, அது எங்குச் சென்றதெனக் காண்க. பின்னர் வேறொருவர் பெயரால் உள்நுழைந்து அப்பதிவு தோன்றுகின்றதா என்றும் பார்த்தல் வேண்டும்.