தெளிப்பான் ஷாஃப்ட் வாங்கப் போகிறீர்களா?

டிராக்டரில் இணைக்கும் மருந்துத் தெளிப்பானின் பி.டி.ஓ. ஷாஃப்ட்டில் மருந்துச் சாரலும் சேறும் ஓயாமல் படும். வாங்கும்போதே இவற்றைக் கவனியுங்கள்.

● பொருத்தம்: நிமிடத்துக்கு 540 சுற்று பி.டி.ஓ.வுக்குப் பொதுவாக 6 பல் ஷாஃப்ட். டிராக்டரின் குதிரைத்திறனைச் சொல்லிக் கேளுங்கள்.

● பூச்சு: வெறும் பெயிண்ட்டைவிடத் துத்தநாக முலாமோ பவுடர் கோட்டிங்கோ நல்லது. வெல்டிங் ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள்; பூச்சு விட்ட இடத்தில்தான் துரு பிடிக்கத் தொடங்கும்.

● பம்பின் உள் ஷாஃப்ட்: மருந்து நேரடியாகப் படும் இடமென்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே சரி. 304 அல்லது 316 என்று பில்லில் எழுதி வாங்குங்கள். காந்தச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். மலிவான 202 ரகத்திலும் காந்தம் சரியாக ஒட்டாது.

● போர்டோ கலவை: மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த இதை அடிப்பதானால், முதலில் தீட்டிய அரிவாள் நுனியைக் கலவையில் நனையுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. அதிலுள்ள மயில்துத்தம் இரும்பை அரிக்கும். எந்த மருந்தானாலும் அடித்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

● கிரீஸ்: கழுவிக் காய்ந்ததும் கிராஸ் நிப்பிளிலும், நீண்டு சுருங்கும் குழாயிலும் கிரீஸ் வையுங்கள். நிப்பிள் கைக்கு எட்டுகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

● பாதுகாப்பு உறை: பிளாஸ்டிக் உறையும் சங்கிலியும் இல்லாத ஷாஃப்ட் வேண்டாம். வேட்டி, துண்டு சுற்றிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. இன்ஜினை நிறுத்தாமல் அருகில் போகாதீர்கள்.