கதிரையை எடு, பிள்ளையை எடுக்காதே

அன்பின் மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஒக்டோபர் 1ஆம் திகதி சிறுவர் தினத்துக்கு உன் தரம் மூன்று பிள்ளைகளுக்கு என்ன விளையாட்டு வைக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். கேள்வி நல்லது. அதற்கு அடுத்த வரிதான் என்னை உறுத்துகிறது: "நம்ம தோட்டத்துப் பிள்ளைகளுக்கு கிரிக்கெட்டையும் போனையும் விட்டா விளையாட்டே தெரியாது சேர்." லயத்தில் பிறந்து வளர்ந்த நீயா இப்படி எழுதுவது? மழை நாளில் ஏதாவது ஒரு லயத்து வாசல் இஸ்தோப்பில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்.

சங்கீதக் கதிரையை முதலாவதாகப் போட்டிருக்கிறாய். பிறந்தநாள் வீட்டிலும் சித்திரைப் புத்தாண்டு விழாவிலும் அதுதான் நடக்கிறது. அதில் முதலில் வெளியேறுவது யாரென்று என்றைக்காவது கவனித்தாயா? கூச்சக்காரப் பிள்ளை, கால் மெதுவான பிள்ளை, அடுத்தவரை இடிக்கத் தயங்குகிற பிள்ளை. ஓடியாடிப் பழக வேண்டியவள் முதல் சுற்றிலேயே சுவரோரம் போய்விடுகிறாள். ஏற்கெனவே கெட்டிக்காரன் கடைசிவரை ஆடிப் பரிசையும் வாங்கிக்கொள்கிறான். முப்பது பேரில் இருபத்தொன்பது பேரை வேடிக்கை பார்க்க வைப்பதற்கு ஒரு ஆசிரியர் தேவையில்லை.

இதற்கு மாறாக, நம் லயத்துப் பிள்ளைகள் ஆடும் அஞ்சாங்கல்லை எடுத்துக்கொள். எப்படி ஆடுவதென்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. நான் பார்க்கச் சொல்வது கல் தவறுகிற அந்த நொடியை. எறிந்த கல் நழுவினாலோ, வாரும்போது பக்கத்துக் கல் அசைந்தாலோ முறை அடுத்தவளுக்குப் போகிறது. தவறவிட்டவள் எழுந்து போவதில்லை. அங்கேயே சம்மணமிட்டு, ஆடுகிறவளின் விரல்களைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முறை திரும்பி வந்ததும், தான் விட்ட கட்டத்திலிருந்தே தொடர்கிறாள். "கல்லு அசைஞ்சிருச்சு" என்பாள் ஒருத்தி, "எங்க அசைஞ்சிச்சு?" என்பாள் மற்றவள். நடுவர் கிடையாது. கத்தித் தீர்த்து, இன்னொரு தரம் எறிந்து பார்ப்பதென்று அவர்களே முடிவுகட்டுவார்கள். ஜெனீவாவில் பியாஜே என்ற உளவியலாளர் கோலிக்குண்டு ஆடும் பிள்ளைகளோடு உட்கார்ந்து விதிகளைக் கேட்டுக் கேட்டு 1932இல் ஒரு நூலே எழுதினார். வளர வளரப் பிள்ளைகள், விதி என்பது எல்லாரும் சம்மதித்தால் மாற்றக்கூடிய ஒன்று என்பதைப் புரிந்துகொள்கிறார்கள் என்று அதில் காட்டினார். நம் இஸ்தோப்புகளில் நடப்பதும் அதுதான்.

இந்த விளையாட்டு மலையகத்தில் ஏன் இப்படி வேர்பிடித்தது என்பதற்கு நான் ஒரு காரணம் வைத்திருக்கிறேன். நண்பர்கள் ஒப்புக்கொள்வதில்லை, நானும் விடுவதாக இல்லை. தோட்டத்தில் சமதரை எங்கே இருக்கிறது? கைதவறிய பந்து தேயிலைச் செடிகளுக்கிடையே உருண்டு பள்ளத்துக்குப் போய்விடும். ஹட்டன் பக்கம் மே மாதம் பிடித்தால் செப்டெம்பர் வரைக்கும் தென்மேல் பருவமழை. அம்மா கொழுந்து பறிக்கப் போயிருப்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த மூத்தவளின் மடியில் தம்பியோ தங்கையோ இருக்கும். அந்தப் பிள்ளைக்கு ஒரு கை போதும், பாய் அகலத் தரை போதும், ரோட்டோரத்துச் சல்லிக்கல் ஐந்து போதும். நிலமும் மழையும் வேலையும் சேர்ந்து தேர்ந்தெடுத்த விளையாட்டு இது. இதை ஆடுகிறவர்களுக்கு "விளையாட்டே தெரியாது" என்று எழுதினால் எனக்குக் கோபம் வராதா?

பழமையிலும் இது குறைந்ததில்லை. புறநானூற்றின் 36ஆம் பாட்டில் ஆன்பொருநை ஆற்று வெண்மணலில் பெண்கள் பொன்னாலான கழங்கு ஆடுகிறார்கள். பாடியவர் ஆலத்தூர் கிழார். கிரேக்கர்கள் ஆட்டின் கணுக்கால் எலும்பை வைத்து ஆடினார்கள். ஹோமரின் இலியட்டில் 23ஆம் பகுதியைப் படி: பட்ரோக்ளஸ் சிறுவனாக இருந்தபோது இந்த ஆட்டத்துச் சண்டையில்தான் ஒரு தோழனைக் கொன்றுவிட்டு ஊரைவிட்டுப் போக நேர்ந்தது. புரூகல் 1560இல் தீட்டிய பிள்ளை விளையாட்டு ஓவியம் வியன்னாவில் இருக்கிறது; அதன் இடது கீழ் மூலையில் எலும்பு வாரி ஆடும் இரண்டு பேரை எந்த அச்சுப் பிரதியிலும் பார்க்கலாம். பிரித்தானியாவில் ஓபி தம்பதியர் 10,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் கேட்டு, தெரு விளையாட்டுகளைப் பற்றி 1969இல் ஒரு தடித்த நூல் வெளியிட்டார்கள். பிள்ளைகள் தாமே நடத்தும் ஆட்டத்துக்குப் பரிசும் வேண்டாம், நடுவரும் வேண்டாம் என்று அதில் எழுதினார்கள். நம்மிடமும் ஒருவர் இருந்தார். சி.வி. வேலுப்பிள்ளை லயம் லயமாகக் கேட்டுத் திரட்டிய பாடல்கள் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று 1983இல் நூலாயின. பாட்டுக்கு அவர் செய்ததை விளையாட்டுக்கும் யாராவது செய்ய வேண்டாமா?

சிறுவர் தினத்தன்று நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நான்கு நான்கு பேராக உட்கார வை. கட்டங்களையும் விதிகளையும் ஒவ்வொரு கூட்டமும் தானே பேசி முடிவு செய்யட்டும். பையன்களையும் சேர், இது பெண் பிள்ளைகளின் ஆட்டம் என்று எவன் சொன்னாலும் அவனிடமே முதல் கல்லைக் கொடு. சண்டை வந்தால் விலக்க ஓடாதே, கைகலப்பு வந்தால் மட்டும் போ. பரிசு வாங்காதே, அந்தக் காசுக்கு எல்லாருக்கும் பணிஸ் வாங்கு. சங்கீதக் கதிரை வைத்தே ஆக வேண்டுமென்று அதிபர் சொன்னால், சுற்றுக்கு ஒரு கதிரையை எடு, பிள்ளையை எடுக்காதே. மிஞ்சிய கதிரைகளில் எல்லாரும் எப்படி இடம்பிடிப்பதென்று அவர்களே யோசிக்கட்டும்.

உன் பிள்ளைகள் அஞ்சாங்கல்லின் ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன பெயர் சொல்கிறார்கள், எது தவறு, எது தவறில்லை என்கிறார்கள் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுது. அவர்கள் சொல்கிறபடியே எழுது, திருத்தாதே. தோட்டத்தின் பெயரையும் டிவிசன் பெயரையும் மேலே போட்டு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் சேர்