கடலோரத்தில் ஒரு மாயா நகரம்



போன மாதம் வரலாற்று வகுப்பில் ஐயா, “மாயர்கள் யார்?” என்று கேட்டார். நான் முந்திரிக்கொட்டை மாதிரி எழுந்து, “அழிந்துபோன இனம் ஐயா!” என்றேன். பசங்க கை தட்டினார்கள். ஐயா, “அப்படியா? நல்லாப் படிச்சுட்டு வந்து சொல்லு” என்று மட்டும் சொன்னார். படித்துவிட்டேன். என் விடை தப்பு. அதைத் திருத்தத்தான் இந்தக் கட்டுரை.

என் சித்தப்பா பயணிகள் கப்பலில் சமையல் வேலை பார்க்கிறார். மெக்சிகோவின் கோசுமெல் தீவில் கப்பல் நின்றபோது, படகில் கரைக்குப் போய், பஸ் பிடித்து, துலும் என்ற மாயா நகரத்தின் இடிபாடுகளைப் பார்த்திருக்கிறார். லீவில் வந்தபோது போட்டோக்களைக் காட்டி எல்லாம் சொன்னார்.

துலும் கரீபியன் கடலோரத்தில், சுமார் 12 மீட்டர் உயரப் பாறை மேல் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மற்ற மூன்று பக்கமும் கல் மதில். மாயா மொழியில் ‘துலும்’ என்றாலே மதில்தான். மதிலில் ஐந்து வாசல்கள். “குறுகலான வாசல்டா, ஒருத்தர் பின்னாடி ஒருத்தராத்தான் போகணும். எதிரி கூட்டமா நுழைய முடியாது” என்றார் சித்தப்பா. மதிலுக்குள் பெரியவர்களும் பூசாரிகளும் இருந்தார்கள், சாதாரண மக்கள் வெளியே குடியிருந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

உள்ளே மூன்று கட்டிடங்கள் முக்கியம். கடலோரப் பாறை மேல் நிற்கும் ‘காஸ்தியோ’, சுவர் ஓவியக் கோயில், தலைகீழாக இறங்கும் கடவுளின் கோயில். துலும் ஒரு துறைமுக ஊர். கத்தி செய்யப் பயன்படும் எரிமலைக் கண்ணாடிக் கல், இன்றைய குவாத்தமாலாவிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தாண்டி இங்கே வந்தது.

இனி என் தப்புக்கு வருகிறேன். கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் தெற்கே இருந்த பெரிய மாயா நகரங்கள் பல கைவிடப்பட்டன. வறட்சி, போர் என்று பல காரணங்கள். இதை வைத்துத்தான் ‘மாயர்கள் மாயமானார்கள்’ என்று சொல்கிறார்கள். ஆனால் துலும் செழித்தது 13 முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை! அழிந்துபோனவர்கள் நானூறு வருஷம் கழித்து எப்படி மதில் கட்டுவார்கள்?

1518-இல் ஸ்பானியர்கள் கப்பலில் இருந்தபடி இந்தக் கரையோர ஊர்களைப் பார்த்தார்கள். அதன்பின் வந்த அம்மை போன்ற நோய்களை எதிர்க்கும் சக்தி அந்த மக்கள் உடம்பில் இல்லை. கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். துலும் காலியானது. ஆனாலும் பலர் பிழைத்தார்கள். இன்றும் மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் லட்சக்கணக்கான மாயர்கள் வாழ்கிறார்கள்.

சித்தப்பா வழிகாட்டியிடம், “மாயர்கள் எப்போ அழிஞ்சாங்க?” என்று கேட்டாராம். அவர் சிரித்துவிட்டு, “நானே மாயாதான். வீட்ல அம்மாகிட்ட மாயா மொழியிலதான் பேசுவேன்” என்றாராம். “எனக்கு வெட்கமாப் போச்சுடா” என்றார் சித்தப்பா. எனக்கும்தான்.

நண்பர்களே, கட்டிடம் இடிந்தால் மக்களும் போய்விட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. உயிரோடு இருப்பவர்களை ‘அழிந்தவர்கள்’ என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. ஐயா, இதுதான் என் திருத்திய விடை.

மூளைக்கு வேலை: மாயர்கள் எண் எழுத மூன்றே குறிகள். புள்ளி 1, கோடு 5, சிப்பி 0. ஒரு கோட்டின் மேல் இரண்டு புள்ளி வைத்தால் 7. அப்படியானால், மூன்று கோட்டின் மேல் இரண்டு புள்ளி வைத்தால் எவ்வளவு? விடை அடுத்த இதழில்!

– 9-ஆம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு