மேமந்த்: ஒரு ஊர், மூன்று இடம்



பூகோளப் பரீட்சையில் ஒரு ஊரைப் பற்றி எழுதச் சொன்னால் அமைவிடம் ஒரு வரி, மக்கள்தொகை ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். மேமந்த் என்கிற குட்டி கிராமத்துக்கு அந்த ரெண்டு வரி எழுதுறதே கஷ்டம்!

முதலில் அமைவிடம். ஈரான் நாட்டின் தென்கிழக்கில் கெர்மான் மாகாணம். அதன் மேற்குப் பக்கம் ஷஹ்ரே பாபக் என்ற ஊர். அங்கிருந்து சுமார் 35 கி.மீ. போனால் மேமந்த். கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கும் மேல். பேசுவது பாரசீகம். (நாம் சொல்லும் பாதாம், பிஸ்தா எல்லாம் அந்த மொழி வார்த்தைகள்தான்!) அட்லாஸில் தேடும்போது கவனம். ஃபார்ஸ் மாகாணத்திலும் ஒரு மேமந்த் உண்டு. அது பன்னீருக்குப் பேர் போன வேறு ஊர்.

இந்த ஊரில் வீடு கட்டவில்லை, குடைந்திருக்கிறார்கள். மென்மையான பாறையைக் கையாலேயே குடைந்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்து அடுக்கு வரைக்கும் வீடுகள். இதற்கு 'கீச்சே' என்று பெயர். சுமார் 400 கீச்சேக்களைக் கண்டறிந்திருக்கிறார்கள். அதில் சிதையாமல் இருப்பது 123. உள்ளே அடுப்பு எரித்து எரித்து சுவரெல்லாம் கன்னங்கரேல்.

சரி, வருஷம் பூரா குகையிலேயா இருப்பாங்க? இல்லை. இலையுதிர் காலத்தின் கடைசி மாதத்தில் குகைக்கு வந்தால் குளிர்காலம் முடியும் வரைதான். அப்புறம் ஆடுகளோடு தெற்கே மேய்ச்சல் நிலத்துக்குப் போய்விடுவார்கள். அந்த இடம் 'சரே ஆகொல்'. அங்கே பாதி மண்ணுக்குள் இறக்கிக் கட்டிய வட்டமான வீடுகள். காத்துக்குப் பயந்துதான் அப்படி! கோடை வந்ததும் ஓடைகளை ஒட்டிய தோட்டங்களுக்கு மாறிடுவாங்க. அதற்குப் பெயர் 'சரே பாக்'. மழை குறைவான பூமி. ஒரே இடத்தில் வருஷம் முழுக்க ஆட்டுக்குத் தீனி கிடைக்காது. அதனால்தான் இந்த அலைச்சல்.

ஆக, வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தால் அது குளிர்கால மேமந்த் மட்டும்தான். பக்கத்தில் வரைந்திருக்கும் படத்தில் மூன்று புள்ளி வைத்ததற்குக் காரணம் இதுதான்.

இப்போ மக்கள்தொகை. 2006ஆம் ஆண்டு ஈரான் கணக்கெடுப்புப்படி 181 குடும்பங்கள், 673 பேர். வகுத்துப் பாருங்கள், குடும்பத்துக்கு நாலு பேர்கூட வரவில்லை. அந்தக் கணக்கெடுப்பு நடந்தது அக்டோபர், நவம்பரில். அதாவது குகைக்குத் திரும்பும் காலத்துக்குக் கொஞ்சம் முன்னாடி. அதனால் 673 என்பது குகையில் போய் எண்ணினால் கிடைக்கிற எண்ணிக்கை இல்லை, அந்த ஊருக்குச் சொந்தமானவர்களின் எண்ணிக்கை. புத்தகத்தில் எழுதும்போது ஆண்டையும் சேர்த்து எழுதணும். இந்த மாதிரி ஊருக்கு மாதத்தையும் எழுதினால்தான் சரி என்பது என் கருத்து.

2015இல் யுனெஸ்கோ மேமந்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சேர்த்தது குகைகளை மட்டும் அல்ல, மேய்ச்சல் நிலம், தோட்டம், ஆடு ஓட்டிப் போகும் அந்த வாழ்க்கை எல்லாவற்றையும் சேர்த்துத்தான். இளைஞர்கள் படிப்பு, வேலை என்று நகரங்களுக்குப் போய்விட்டால் பாறை அப்படியே இருக்கும். ஆனால் மூன்று புள்ளிகளில் ரெண்டை அழிக்க வேண்டி வரும்.